4 லட்சம் ரூபாயில் கேமிங் கணினி: 5090 கார்டை வைத்துப் போட்ட இந்தப் பட்டியல் சரிதானா?

கூடல்விமானி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2017-இல் வாங்கிய என் கணினி (ஐ7 7700 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1070 கிராபிக்ஸ் கார்டு) இனிப் புதிய விளையாட்டு எதையும் தாங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்கு இந்தப் பேச்சே மறுபடி எழாத வகையில், பாகங்களைத் தனித்தனியே வாங்கி உயர்தரமான கணினி ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறேன். கையில் இருப்பது 4 லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய்க்கும் வீட்டில் அனுமதி கிடையாது.

என் முதன்மையான பயன்பாடு மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024. ஏர்பஸ் ஏ320 விமானத்தை மதுரையில் கிளப்பிச் சென்னையில் இறக்குவது போன்ற குறுகிய பயணங்களைத்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். வார இறுதியில் கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளும் உண்டு. இணையத்தில் பிறரோடு மோதும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. பகலில் இதே கணினியில்தான் அலுவலக வேலையும் நடக்கும்.

நான் போட்டு வைத்திருக்கும் பட்டியல் பின்வருமாறு: இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே, அதற்கு ஏற்ற இசட்890 மதர்போர்டு, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு, 16 ஜிபி அளவில் நான்கு டிடிஆர்5 ரேம்கள், ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி 2 டிபி, 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட லிக்விட் கூலர், 850 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), முன்புறம் முழுவதும் கண்ணாடி பதித்த கேபினட். மானிட்டரை இப்போதைக்கு மாற்றப் போவதில்லை. 27 அங்குல 1440பி, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று நல்ல நிலையில் இருப்பதால், 4கே மானிட்டரை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கணினி வைக்கப்போவது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. அங்கே ஏசி இல்லை; சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அந்த அறையும் அந்த லைனில்தான் இருக்கிறது. 4 லட்சத்துக்குள் இந்தப் பட்டியல் அடங்குமா என்பதோடு, இதில் எதை மாற்றினால் நல்லது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிட்டும்பைட்டும் எழுதியது:

வணக்கம் நண்பரே. முதலில் 5090-ஐ எழுதிவிட்டு, மீதிப் பணத்துக்கு மற்றவற்றை நிரப்பியிருக்கிறீர்கள் என்பது பட்டியலைப் பார்த்தவுடனே தெரிகிறது. மானிட்டரிலிருந்து தொடங்கியிருந்தால் முற்றிலும் வேறொரு பட்டியல் கிடைத்திருக்கும்.

உங்கள் 1440பி திரையில் இருப்பவை ஏறத்தாழ 37 லட்சம் பிக்சல்கள். 4கே திரையில் 83 லட்சம், அதாவது இரண்டேகால் மடங்கு. 5090 போன்ற கார்டு தன் முழு வலுவைக் காட்டுவது அந்த 83 லட்சத்தை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் தீட்டும்போதுதான். 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 75 படங்களுக்கு மேல் காட்டாது என்பதால், ஓர் ஆண்டு முழுவதும் அந்தக் கார்டு பாதித் தூக்கத்தில் இருக்கும். என்விடியா இந்தியாவில் அறிவித்த தொடக்க விலையே 2,14,000 ரூபாய், கடைகளில் கிடைக்கும் கார்டுகள் அதற்கும் மேலே. 4 லட்சத்தில் பாதிக்கும் மேற்பட்ட தொகையை ஒரே பாகத்தில் போட்டுவிட்டு, அதன் பலனைக் கண்ணுக்குக் காட்ட வேண்டிய திரையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது பிராசஸர். நீங்கள் ஓட்டுவது ஃபிளைட் சிமுலேட்டர் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விமானத்தின் உள் அமைப்புகள், சுற்றியுள்ள விமானப் போக்குவரத்து, தரைப்பரப்பு, வானிலை ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் வேலையின் பெரும்பகுதி ஒரே ஒரு முதன்மை இழையில் (ஒரு கோரில் வரிசையாக ஓடும் கட்டளைத் தொடரில்) நடக்கிறது. எனவே 285கே பிராசஸரில் 24 கோர்கள் இருந்தாலும், அந்த ஒரு கோர் எவ்வளவு விரைவாக முடிக்கிறது என்பதுதான் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையை முடிவு செய்யும். அந்தக் கோர் தேடும் தரவுகள் நினைவகத்தில் அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடப்பவை. ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய்வந்தால் காத்திருப்பிலேயே நேரம் கரைந்துவிடும். பிராசஸருக்குள்ளேயே உள்ள கேஷ் என்ற சிறு நினைவகத்தில் கிடைத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு பல மடங்கு குறையும். 285கே பிராசஸரில் எல்3 கேஷ் 36 எம்பி, ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸரில் 96 எம்பி. எட்டே கோர்கள் கொண்ட ரைசன் இந்த விளையாட்டில் முந்துவதற்குக் காரணம் இதுதான். 2024 அக்டோபரில் 285கே வெளிவந்தபோது, பல விளையாட்டுகளில் அது இன்டெலின் முந்தைய 14900கே பிராசஸருக்கே பின்தங்கியதும் நினைவிருக்கலாம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் பழைய கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். விளையாட்டின் டெவலப்பர் மோடை இயக்கி, படங்களின் எண்ணிக்கையைக் காட்டும் கட்டத்தைத் திறந்துகொள்ளுங்கள். தடையாக நிற்பது முதன்மை இழையா, கிராபிக்ஸ் கார்டா என்பதை அந்தக் கட்டம் பெயரிட்டே சொல்லும். நடுவானில் அது கார்டைக் காட்டினாலும், சென்னை போன்ற பெரிய விமான நிலையத்தை நெருங்கும்போது முதன்மை இழைக்கு மாறுவதைப் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் எந்தக் கார்டைப் போட்டாலும் பயனில்லை.

ஏஎம்டியின் 16 கோர் கொண்ட 9950எக்ஸ்3டி பக்கம் போக வேண்டாம் என்பேன். அதில் உள்ள இரண்டு சில்லுகளில் ஒன்றில் மட்டுமே கூடுதல் கேஷ் இருப்பதால், விளையாட்டு சரியான சில்லில் ஓடுகிறதா என்பதை விண்டோஸும் சிப்செட் டிரைவரும் சேர்ந்து கவனிக்க வேண்டும். காணொளித் தொகுப்பைத் தொழிலாகச் செய்பவருக்கு அது பொருந்தும். பழைய 7800எக்ஸ்3டி நல்ல விலைக்குக் கிடைத்தால் அதையும் பார்க்கலாம். ஆனால் அதில் கேஷ் அடுக்கு கோர்களுக்கு மேலே அமர்ந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுத்தது. 9800எக்ஸ்3டியில் அந்த அடுக்கைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். கோர்களின் வெப்பம் நேராகக் கூலரை அடைவதால், உங்கள் மாடி அறைக்கு அதுவே ஏற்றது. இந்தப் பிராசஸர் அமரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்குப் பின்னும் தொடர்வோம் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், சில ஆண்டுகள் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளவும் இடமிருக்கிறது. மதர்போர்டுக்கு பி850 போதும். எக்ஸ்870 போர்டில் யூஎஸ்பி4 கட்டாயம் இருக்கும். அது உங்களுக்குத் தேவைப்படாத வரை அந்தக் கூடுதல் பணம் வீண்.

ரேமைப் பொறுத்தவரை 64 ஜிபி என்பது சரியான முடிவே. இந்த விளையாட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு 32 ஜிபி, உகந்ததாகச் சொல்லப்படுவது 64 ஜிபி. ஆனால் அதை நான்கு 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு 32 ஜிபியாக வாங்குங்கள். ஏஎம்5 தளத்தில் நான்கு ரேம்களையும் நிரப்பினால், அதிகாரபூர்வமாக உறுதியளிக்கப்படும் வேகம் டிடிஆர்5-3600 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 6000 வேகமும் சிஎல்30 தாமதமும் கொண்ட இரட்டை ரேம்தான் இந்தத் தளத்தில் எல்லோரும் வந்து சேரும் இடம். அதைப் பொருத்திய பிறகு பயாஸில் (போர்டின் தொடக்க மென்பொருளில்) எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க மறந்துவிட்டால், நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஏஎம்5 போர்டு முதல்முறை இயங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுக்கும். திரை இருட்டாக இருக்கும், விசிறிகள் சுற்றும், மதர்போர்டில் ரேமைக் குறிக்கும் சிறு விளக்கு மட்டும் எரியும். போர்டு செத்துவிட்டது என்று பதறி அணைப்பவர்கள் உண்டு. தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

மூன்றாம்கம்பி எழுதியது:

மேலே உள்ளவர் பிராசஸரைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். மின்சாரம் பற்றி எழுத நான் வந்தேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் உண்மையிலேயே ஆபத்தான வரி "5090, 850 வாட் எஸ்எம்பிஎஸ்" என்பதுதான்.

5090 கார்டின் மின் அளவு 575 வாட். அதற்கு 1000 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. 5080 கார்டு 360 வாட், பரிந்துரை 850 வாட். 5070 டிஐ 300 வாட், பரிந்துரை 750 வாட். இவை சராசரிக் கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் கார்டு இதைவிட வெகுவாகக் கூடுதலாக இழுக்கும். ஏடிஎக்ஸ் 3 என்ற தர வரையறையைப் பின்பற்றும் எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப் போல் இருமடங்கு சுமையை 100 மைக்ரோநொடிகளுக்குத் தாங்க வேண்டும் என்று விதி வகுத்ததே இதனால்தான். பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். "80 பிளஸ் கோல்டு" என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதை மட்டும் சொல்வது, அதற்கும் தாங்குதிறனுக்கும் தொடர்பில்லை.

கார்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 16 முனை இணைப்பைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம். 2022-இல் 4090 கார்டுகள் வெளிவந்த சில வாரங்களிலேயே இணைப்பு முனைகள் உருகிய படங்கள் வரத் தொடங்கின. கணக்கு எளிமையானது. 600 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோக 50 ஆம்பியர் வேண்டும். அதை ஆறு கம்பிகள் பங்கிட்டுக்கொண்டால் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர், முனையின் எல்லையோ ஏறத்தாழ 9.5 ஆம்பியர்தான். ஆறில் இரண்டு முனைகள் சரியாகத் தொடாமல் போனால், மற்ற நான்கும் எல்லையைத் தாண்டிச் சுமக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு ஓடுகிறது என்று கண்காணித்துச் சமப்படுத்தும் ஏற்பாடு பெரும்பாலான கார்டுகளில் இல்லை. பின்னர் வந்த 12வி-2எக்ஸ்6 வடிவத்தில் உணர்முனைகளைக் குட்டையாக்கி, இணைப்பு முழுதாக நுழையாவிட்டால் கார்டு ஓடாதபடி செய்தார்கள். அது நல்ல திருத்தம்தான், ஆனால் அந்த எல்லைக்கணக்கு மாறவில்லை. இதே இணைப்பில் 300 வாட் 5070 டிஐ ஓடும்போது ஒரு கம்பிக்கு 4.2 ஆம்பியர்கூட இல்லை. நான் சிறிய கார்டின் பக்கம் நிற்பதற்கு இதுவே முதல் காரணம்.

எந்தக் கார்டை வாங்கினாலும், எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும் நேரடிக் கேபிளையே பயன்படுத்துங்கள். இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தி, இணைப்புக்கும் கார்டுக்கும் இடையே நகம்கூட நுழையாத அளவுக்கு உட்கார வையுங்கள். இணைப்பிலிருந்து முதல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தூரத்துக்குக் கேபிளை மடக்கக் கூடாது. பக்கவாட்டுக் கண்ணாடி கேபிளை அழுத்துகிறது என்றால், அந்தக் கேபினட் உங்களுக்கு அகலம் போதாது என்று பொருள்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. கேபினட்டின் திருகைத் தொட்டால் கை சுரீரென்கிறது, டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது என்று இங்கே மாதத்துக்கு ஒருவராவது எழுதுகிறார்கள். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று அதை மாற்றியும் பார்க்கிறார்கள். உண்மையில் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்ட, இரண்டு மின்தேக்கிகள் கேபினட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் கம்பி இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் முழுவதும் 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டும் காட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து இதை முதலில் பாருங்கள், கார்டை அப்புறம் வாங்கலாம்.

இன்வெர்ட்டர் லைனில் இந்தக் கணினியை ஓட்ட வேண்டாம். 9800எக்ஸ்3டி அதிகபட்சமாக 162 வாட் எடுக்கும். அதோடு 5070 டிஐ, விசிறிகள், மற்றவை எல்லாம் சேர்ந்து 550 வாட் வரும். வீட்டு இன்வெர்ட்டர் அதையும் மின்விசிறிகளையும் சேர்த்துத் தாங்காது. மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்துவிடவும் கூடும். கணினிக்குத் தனி லைன் போட்டு, சைன் அலை தரும் யூபிஎஸ் ஒன்றை வையுங்கள். வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். 1000 விஏ என்று எழுதிய பல யூபிஎஸ்கள் 600 வாட்தான் தரும். சதுர அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸோடு இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போகாமல், கரண்ட் போன அந்த நொடியில் அணைந்துவிடுவது வழக்கமான புகார்.

வெப்பத்தையும் சொல்லி முடிக்கிறேன். லிக்விட் கூலர் போட்டால் அறை சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். கணினி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வந்து விழும், கூலர் அதை எந்த வழியாக வெளியே தள்ளுகிறது என்பது மட்டுமே வேறுபாடு. 5090 போட்ட கணினி 800 வாட்டை எட்டும். ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் சுமார் 3500 வாட் என்பதால், அதில் நான்கில் ஒரு பங்கை அந்தக் கணினி ஒன்றே தின்றுவிடும். உங்கள் அறையில் ஏசியும் இல்லை.

கூடல்விமானி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எர்த் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். மாடி அறை பின்னாளில் கட்டியது, அதற்குக் கீழ்த்தளத்திலிருந்து இரண்டு கம்பிகள் மட்டுமே இழுத்ததாக நினைவு என்கிறார். இந்த வாரமே ஆளை வரச் சொல்லியிருக்கிறோம்.

9800எக்ஸ்3டி, பி850, இரண்டு 32 ஜிபி ரேம் என்று முடிவு செய்துவிட்டேன். 5090 போனதால் 4கே மானிட்டரை இப்போதே வாங்கப் பணம் இருக்கிறது. இப்போது எனக்கு எஞ்சியிருக்கும் ஐயங்கள் இரண்டு. முதலாவது, 5080 எடுப்பதா, 5070 டிஐ எடுப்பதா? இரண்டாவது, 32 அங்குல ஓஎல்இடி மானிட்டர்களைப் பற்றி எல்லோரும் புகழ்கிறார்களே, அது எனக்கு ஏற்றதா?

நெல்லைச்சீமை எழுதியது:

கார்டைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். 5080, 5070 டிஐ இரண்டிலும் இருப்பது ஒரே ஜிபி203 சில்லு. முந்தையதில் 10,752 கோர்கள், பிந்தையதில் 8,960. அதாவது 20 விழுக்காடு கூடுதல். அறிவிக்கப்பட்ட இந்திய விலை முறையே 1,07,000, 80,000. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இரண்டிலும் நினைவகம் 16 ஜிபிதான். 5080-இல் 24 ஜிபி வைத்திருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன். ஏனென்றால் உங்கள் விளையாட்டு 4கே திரையில் கார்டின் நினைவகத்தை வாரி விழுங்கும், அது நிரம்பிவிட்டால் படம் விட்டுவிட்டுத் துள்ளும். அந்தத் துள்ளல் இரண்டு கார்டுகளிலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். டெக்ஸ்சர் அமைப்பை அல்ட்ராவிலிருந்து ஒரு படி இறக்கிவிட்டு 5070 டிஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியும் 16 ஜிபி கொண்ட நல்ல கார்டுதான். மற்றவருக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உங்களுக்கு மட்டும் என்விடியாவைச் சொல்வதற்குக் காரணம் இடைப்படங்களை உருவாக்கும் வசதி. முதன்மை இழை நொடிக்கு 45 படங்களுக்கு மேல் தர முடியாமல் திணறும் விமான நிலையத்தில், கார்டு தானாகவே இடையிடையே படங்களை உருவாக்கித் திரையில் 90 ஆக்கிக் காட்டும். ஏஎம்டியிலும் இது உண்டு, என்விடியா இதில் ஒரு படி முன்னே இருக்கிறது என்பது என் மதிப்பீடு. கைப்பிடியை அசைத்ததும் விமானம் திரும்புவதில் உள்ள தாமதம் இதனால் குறையாது, சற்றுக் கூடவும் செய்யும். துப்பாக்கிச் சண்டையில் அதை நான் ஏற்கமாட்டேன். 70 டன் எடையுள்ள ஏ320 அதுவாகவே மெதுவாகத் திரும்பும் விமானம், உங்களுக்குத் தெரியவே தெரியாது. டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் தீட்டிய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் என்விடியா வசதி) பயன்படுத்தும்போது விமானி அறையின் திரைகளில் ஓடும் உயர எண்கள் வால்பிடித்தாற்போல் மங்கும் குறை முன்பு இருந்தது. டிஎல்எஸ்எஸ் டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதிய செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கு மாறிய பிறகு அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. என்விடியா செயலியில் அந்த மாதிரி தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓஎல்இடி விஷயத்தில் மட்டும் நான் கூட்டத்தோடு சேரமாட்டேன். உங்கள் திரையில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பகல் முழுவதும் அலுவலக வேலை, அதாவது கீழே அசையாத டாஸ்க்பார். மாலையில் விமானி அறை; கருவிப் பலகையின் வெள்ளைக் கோடுகளும் சட்டங்களும் ஒன்றரை மணி நேரம் அதே இடத்தில் நிற்கும். ஓஎல்இடியில் அசையாத உருவத்தின் தடம் நிலையாகப் பதிவதற்கு இதைவிடப் பொருத்தமான பயன்பாட்டைத் தேடிப்பிடிக்க முடியாது. போதாக்குறைக்கு, கியூடி-ஓஎல்இடி வகைப் பேனல்களில் வெளி ஒளியின் எதிரொளிப்பைக் குறைக்கும் போலரைசர் ஏடு இல்லாததால், சன்னல் வெளிச்சம் விழும் அறையில் கறுப்பு நிறம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். மினி எல்இடி பின்னொளி கொண்ட 4கே, 144 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் வகை எல்சிடி மானிட்டர் உங்களுக்குப் போதும். இரவில் ஓடுபாதை விளக்குகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியும் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரிச்சிதெருநடையன் எழுதியது:

பாகங்களை எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும், மதுரையிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்கு ரயிலேறும் எண்ணம் இருந்தால் சிலவற்றை மனத்தில் வையுங்கள். மூன்று கடைகளில் எழுத்துவழி விலை வாங்காமல் எதையும் எடுக்காதீர்கள். வாயால் சொல்லும் விலை ஜிஎஸ்டி இல்லாத விலையாக இருக்கும். பில் கேட்டவுடன் 18 விழுக்காடு ஏறும். பில் இல்லாமல் எடுத்தால் மிச்சம் என்பார்கள். கார்டின் வாரண்டி மூன்று ஆண்டுகள், அதில் ஒரு நாள் தேவைப்பட்டாலும் பில்லும் அதில் எழுதிய சீரியல் எண்ணும்தான் பேசும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் கார்டுக்கு இங்கே பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது.

ரேமைப் பொறுத்தவரை காலம் மோசம். 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போவதால், டிடிஆர்5 விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் தன் குரூசியல் சில்லறை வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே பழைய காணொளிகளில் சொல்லும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 64 ஜிபி பட்ஜெட்டை உடைக்கிறது என்றால், இரண்டு 16 ஜிபியாக 32 வாங்கிக்கொண்டு, பின்னர் அதை விற்றுவிட்டு 64-க்கு மாறலாம். கூடுதலாக இரண்டு ரேம்களைச் சொருகி ஒப்பேற்ற வேண்டாம், காரணத்தை மேலே எழுதிவிட்டார்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி தேவையில்லை. சாம்சங் 990 புரோ போன்ற நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியே நொடிக்கு 7,450 எம்பி படிக்கிறது. உங்கள் விளையாட்டு நிலப்பரப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே ஓடுவது என்பதால், அங்கே நெருக்கடி எஸ்எஸ்டியில் வராது, பிராட்பேண்டில் வரும். அந்தப் பணத்தில் 100 எம்பிபிஎஸ் இணைப்பும், கணினிக்கு ஒரு லேன் கேபிளும் போடுங்கள். லிக்விட் கூலரும் தேவையில்லை. தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்ற இரட்டைக் கோபுர ஏர் கூலர் 9800எக்ஸ்3டிக்குத் தாராளம். அதன் உயரம் 155 மில்லிமீட்டர் என்பதால் கேபினட்டில் அதற்கு இடமிருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். அதில் பம்பு இல்லை, கசிய நீர் இல்லை. ஏழெட்டு ஆண்டுகள் என்றீர்கள் அல்லவா, விசிறியை மட்டும் மாற்றினால் போதும்.

அந்தக் கண்ணாடி முகப்புக் கேபினட் வேண்டவே வேண்டாம். முன்புறம் முழுவதும் கம்பிவலை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, முன்னால் மூன்று விசிறிகள் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள: இதுதான் மாடி அறைக்கு உரிய அமைப்பு. வைகாசிக் காற்றில் அந்த வடிகட்டி இரண்டு வாரத்தில் சாம்பல் நிறத் துணிபோல் ஆகிவிடும், தட்டிவிட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

கூடல்விமானி எழுதியது:

5070 டிஐ, மினி எல்இடி மானிட்டர், ஏர் கூலர், கம்பிவலைக் கேபினட், 850 வாட் ஏடிஎக்ஸ் 3.1 எஸ்எம்பிஎஸ், சைன் அலை யூபிஎஸ் என்று பட்டியல் முழுவதும் மாறிவிட்டது. 850 வாட் மட்டும்தான் பழைய பட்டியலிலிருந்து தப்பியிருக்கிறது. ஒரே ஒரு கேள்வி: கடைக்காரர் பி850-க்குப் பதிலாக, கையிருப்பில் உள்ள பி650 போர்டை 4,000 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். எடுக்கலாமா?

பிட்டும்பைட்டும் எழுதியது:

எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. 9800எக்ஸ்3டி 2024 நவம்பரில்தான் வந்தது. பி850 போர்டுகள் அதற்குப் பின், 2025 தொடக்கத்தில் வந்தவை என்பதால் அவற்றில் சிக்கல் இருக்காது. பி650 அதற்கு இரண்டு ஆண்டு முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. நெடுநாள் அலமாரியில் இருந்த போர்டில் பழைய பயாஸ் இருந்தால், இந்தப் பிராசஸரை அது அடையாளம் காணாது. போர்டின் பின்பக்கத் தகட்டில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிராசஸரே இல்லாமல் ஒரு பென்டிரைவை வைத்துப் புதுப்பித்துவிடலாம். கடைக்காரரிடமே அதைச் செய்து, திரையில் பயாஸ் பதிப்பைக் காட்டச் சொல்லுங்கள். பொத்தான் இல்லாத போர்டு என்றால் அந்த 4,000 ரூபாயை மறந்துவிட்டு பி850-ஐயே எடுங்கள்.